ரத்தத்துக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடம் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றில் நான் அடிக்கடி கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரத்தத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. ரிப்போர்ட்டில் குழப்புகிற பல விஷயங்கள் அந்த ஆயுள் கணக்கு தெரிந்தால் புரிந்துவிடும்.

உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கும்?

கிலோவுக்குச் சுமார் 70 மில்லி என்று கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், 70 கிலோ இருப்பவருக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 80 மில்லிக்கு மேல் இருந்தாலும், மூன்று கிலோ குழந்தையிடம் மொத்தமே கால் லிட்டர்தான் இருக்கும். அதனால்தான் பச்சைக் குழந்தைக்குப் பெரும்பாலும் குதிகாலில் குத்திச் சில சொட்டு மட்டும் எடுக்கிறோம்.

ரத்தம் எதனால் ஆனது?

உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் ரத்தத்தை எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் மிஷினில் வைத்துப் பத்து நிமிடம் சுற்றவிட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே தெளிந்த மஞ்சள் திரவம் நிற்கும். அதுதான் பிளாஸ்மா, மொத்தத்தில் சுமார் 55 சதவீதம். அடியில் கருஞ்சிவப்பாகப் படிவது சிவப்பணுக்கள், சுமார் 45 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு மெல்லிய கோடு தெரியும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) அதில் இருக்கின்றன. மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட வராது.

ரிப்போர்ட்டில் 'பிசிவி' அல்லது 'ஹெமட்டோக்ரிட்' என்று போட்டிருப்பது அந்த அடிப்பகுதியின் சதவீதம்தான். மேலே நிற்கும் மஞ்சளும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. மஞ்சள் காமாலைக்காரருக்கு அடர்ந்த நிறமாக இருக்கும். பிரியாணி சாப்பிட்ட கையோடு வந்து ரத்தம் கொடுத்தவருக்குக் கொழுப்பு கலந்து வெளுத்துக் கலங்கி நிற்கும்.

பிளாஸ்மா வெறும் தண்ணீர்தானா?

பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மீதியில் முக்கியமானவை புரதங்கள். ஆல்புமின் தண்ணீரை ரத்தநாளத்துக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. கல்லீரல் கெட்டு ஆல்புமின் உற்பத்தி குறைந்தாலோ, சிறுநீரகம் வழியாக அது ஒழுகினாலோ கால் வீங்குவதற்குக் காரணம் இதுதான். குளோபுலின்களில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. ரத்தம் உறைய ஃபைப்ரினோஜன் வேண்டும். இவை போக உப்புகள், குளுக்கோஸ், ஹார்மோன்கள், யூரியா, நீங்கள் காலையில் போட்ட மாத்திரை எல்லாம் அதில்தான் கரைந்து போகின்றன.

சீரம் என்பது வேறு. ரத்தத்தை உறையவிட்ட பிறகு மேலே பிரியும் திரவம் அது. உறைவதில் ஃபைப்ரினோஜன் செலவாகிவிடுவதால் சீரத்தில் அது இருக்காது.

சிவப்பணுவின் வேலை என்ன? அதற்கு ஏன் உட்கரு இல்லை?

ஆக்சிஜனைச் சுமப்பதுதான் வேலை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். துளை போடாமல் நடுவில் இரண்டு பக்கமும் அமுக்கிவிட்ட மெதுவடை மாதிரி வடிவம், குறுக்களவு ஏழு எட்டு மைக்ரான். அந்த வடிவத்தால் மேற்பரப்பு அதிகம் கிடைக்கிறது. தன்னைவிடக் குறுகலான தந்துகி என்ற நுண்ணிய ரத்தநாளத்துக்குள்ளும் வளைந்து நெளிந்து போக முடிகிறது.

எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரும் முன்பே உட்கருவை அது உதறிவிடுகிறது. உள்ளே கிடைக்கும் இடமெல்லாம் ஹீமோகுளோபினுக்கு. ஒரு அணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் நாலு இரும்பு அணு, ஒவ்வொரு இரும்பும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது, ஆகவே சுமக்கிற ஆக்சிஜனைத் தானே எடுத்துச் செலவழிக்காது.

உட்கரு இல்லாததற்கு ஒரு விலை உண்டு. பழுதானால் சரிசெய்துகொள்ள முடியாது. சுமார் 120 நாளில் மண்ணீரல் அதைப் பிடித்து உடைத்துவிடும். ஈடுகட்ட, மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் இருபது லட்சத்துக்கு மேல் புதிதாகச் செய்து அனுப்புகிறது.

கையில் ரத்தநாளம் நீலமாகத் தெரிகிறதே, உள்ளே நீல ரத்தமா?

இல்லை. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான். தோலுக்குள் வெளிச்சம் புகுந்து திரும்பும் விதத்தால் நீலமாகத் தெரிகிறது. ஊசி போட்டு எடுக்கும்போது ரத்தம் கறுப்பாக வருகிறதே என்று பலர் பயப்படுவார்கள். அது சிரை ரத்தம், அப்படித்தான் இருக்கும்.

ரத்தத்தின் வேலைகள் என்னென்ன?

பள்ளிப் பாடத்தில் கேட்டால் கடத்துதல், பாதுகாத்தல், சமன்படுத்துதல் என்று எழுதிவிடலாம். ஆக்சிஜன், உணவுச்சத்து, ஹார்மோன், கழிவு எல்லாம் கடத்துவதில் வரும். பாதுகாப்பு என்றால் வெள்ளையணுக்களும் உறைதலும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். தசையில் உண்டாகும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்றுவது ரத்தம்தான். அமில-கார அளவை 7.35 முதல் 7.45 என்ற குறுகிய வரம்புக்குள் வைத்திருப்பதும் அதுதான். கார்பன் டை ஆக்சைடில் சுமார் 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறி நுரையீரலுக்குப் போகிறது, அந்தப் பைகார்பனேட்தான் அமிலத்தையும் சமாளிக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு வேலை.

ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்க வேண்டும்? பீட்ரூட், மாதுளை சாப்பிட்டால் ஏறுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 100 மில்லி ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் (நடு மூன்று மாதத்தில் 10.5-க்கும்) கீழே போனால் ரத்தசோகை.

பீட்ரூட் நல்ல காய்தான், ஆனால் அதன் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தம் இல்லை. அது பீட்டாலைன் என்ற நிறமி. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இருக்காது. முருங்கைக்கீரையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நம் ஊரில் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: ஆட்டுச் சுவரொட்டி. அது வெறும் நம்பிக்கை இல்லை. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். வயதான சிவப்பணுக்கள் உடைந்து இரும்பு தங்கும் இடம். அந்த இரும்பு கீரையில் உள்ள இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும்.

ஹீமோகுளோபின் 8, 9 என்று இருந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பக் கூடாது, மாத்திரை வேண்டும். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லது. டீ, காபி ஒரு மணி நேரமாவது தள்ளியே இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு சரியான பிறகும் டாக்டர் மூன்று மாதம்போல் தொடரச் சொல்வார், ஏனென்றால் சேமிப்பு நிரம்ப வேண்டும். உடம்பு தினமும் சிவப்பணு செய்ய 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பைப் பயன்படுத்துகிறது. அதில் சாப்பாட்டிலிருந்து வருவது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான், மற்றதெல்லாம் செத்த அணுக்களிலிருந்து திரும்ப எடுப்பது. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போனால் இந்தச் சுழற்சியில் ஓட்டை விழுகிறது. ஆணுக்கோ வயதானவருக்கோ காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் குறைந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டானிக் வாங்கிக் குடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால்?

குறைவது இரும்பாகவே இருக்க வேண்டியதில்லை. வைட்டமின் பி12 குறைந்தாலும் ரத்தசோகை வரும், அப்போது சிவப்பணு பெரிதாகிவிடும். பால்கூடச் சேர்க்காத சைவக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் பண்பு உள்ளவர்களுக்கு அணு சிறிதாக இருக்கும், எண்ணிக்கை குறையாது. அவர்களுக்கு இரும்பு கொடுத்துப் பலனில்லை. இன்னொன்று அரிவாளணு நோய். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் ஆக்சிஜன் இறங்கியதும் அணு வளைந்து விறைத்துவிடும். 120 நாள் இருக்க வேண்டிய அணு இரண்டு மூன்று வாரத்திலேயே உடைந்துபோகும். இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். தலசீமியா, அரிவாளணு இரண்டையும் கண்டுபிடிக்க எச்பிஎல்சி என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது.

சர்க்கரைக்கு எச்பிஏ1சி பார்த்தால் மூன்று மாதக் கணக்கு எப்படித் தெரிகிறது?

சிவப்பணுவின் ஆயுளால்தான். குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டால், அந்த அணு சாகும்வரை அப்படியே இருக்கும். குழாயில் இருப்பது நேற்றுப் பிறந்ததும் மூன்று மாதம் ஆனதுமாகப் பல வயது அணுக்களின் கலவை. ஆகவே கிடைப்பது சராசரி. பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. இதில் அந்த வித்தை பலிக்காது. ஆனால் அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்த அளவை நம்ப முடியாது. டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

வெள்ளையணு கூடியிருந்தால் ரத்தப் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. ஒரு மைக்ரோலிட்டரில் சாதாரண அளவு 4,000 முதல் 11,000. ஒரு சீழ்க்கட்டி, நிமோனியா, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம் எதுவானாலும் 15,000-க்குப் போகலாம். எது கூடியிருக்கிறது என்று பாருங்கள். பாக்டீரியா வந்தால் நியூட்ரோஃபில், வைரஸ் வந்தால் பெரும்பாலும் லிம்போசைட், அலர்ஜி, ஆஸ்துமா, குடற்புழு என்றால் ஈசினோஃபில். நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஓரிரு நாள்கூடத் தங்காது. நினைவு வைத்திருக்கும் சில லிம்போசைட்டுகள் வருடக்கணக்கில் வாழும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசி இன்றும் காப்பாற்றுவது அவற்றால்தான். எண்ணிக்கை 50,000, ஒரு லட்சம் என்று போனாலோ, ஸ்லைடில் முதிராத அணுக்கள் தெரிந்தாலோ மட்டும் உடனே ரத்தநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

டெங்குவில் தட்டணு இறங்கினால் உடனே ஏற்ற வேண்டுமா?

மழைக்காலம் வந்தால் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு மைக்ரோலிட்டரில் சாதாரண அளவு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. டெங்குவில் 50,000, 30,000 என்று இறங்கும். வீட்டில் எல்லோரும் அந்த ஒரு எண்ணையே பிடித்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தக்கசிவு இல்லாதவரை பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதை யோசிப்பார்கள். ஏற்றிய தட்டணுவும் டெங்குவில் அதிக நேரம் நிற்காது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தநாளச் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிவதுதான் ஆளைக் கவிழ்க்கும். அது நடப்பது பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். பிளாஸ்மா போனால் சிவப்பணுக்களின் பங்கு கூடும், ஆகவே பிசிவி ஏறும். 40 இருந்தது 48 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது, எச்சரிக்கை. ரிப்போர்ட் கையில் வந்ததும் தட்டணுவோடு அந்த வரியையும் பாருங்கள். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று இருக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது.

பப்பாளி இலைச் சாற்றில் எண்ணிக்கை ஏறுவதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் டெங்கு சரியாகும்போது தட்டணு தானாகவே ஏறும். சாறு குடிக்கிறோம் என்று நம்பி டிரிப்ஸைத் தள்ளிப்போடுவதில்தான் எனக்குச் சண்டை.

இன்னொரு விஷயம். காய்ச்சலே இல்லாத ஒருவருக்கு மிஷின் 40,000 என்று காட்டும். ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தட்டணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கிடக்கும். குழாயில் உள்ள மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும், மிஷினுக்குக் கொத்தை எண்ணத் தெரியாது. சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் சரியான எண் வந்துவிடும்.

காயத்தில் ரத்தம் எப்படி நிற்கிறது?

முதலில் ரத்தநாளம் சுருங்கும். அடுத்து தட்டணுக்கள் கிழிந்த இடத்தில் ஒட்டி அடைக்கும். பிறகு பிளாஸ்மாவில் உள்ள உறைபொருட்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, கடைசியில் ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் இழையாகி வலை பின்னும். இதற்குக் கால்சியம் வேண்டும். பல உறைபொருட்களைச் செய்யக் கல்லீரலும் வைட்டமின் கே-யும் வேண்டும். பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடுவது இதனால்தான்.

தட்டணுவுக்கும் உட்கரு இல்லை. மஜ்ஜையில் உள்ள பெரிய செல் ஒன்றிலிருந்து உதிரும் துணுக்கு அது, ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை வேலை செய்யாது. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது புதியவை வந்து சேரத்தான். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்டுத்தான்.

ரத்தம் எங்கே உற்பத்தியாகிறது?

பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா இவற்றின் மஜ்ஜையில். கருவில் இருக்கும்போது கல்லீரலும் செய்யும். எவ்வளவு செய்ய வேண்டும் என்று உத்தரவிடுவது சிறுநீரகம். ஆக்சிஜன் குறைவதை உணர்ந்ததும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனை அது அனுப்பும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ரத்தசோகை வருவதும், அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுவதும் இதனால்தான்.

ரத்தத்தைச் சுத்தம் செய்ய மருந்து வேண்டுமா?

வேண்டாம். உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. மொத்தப் பிளாஸ்மாவையும் கிட்டத்தட்ட 60 முறை. முகப்பரு வந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

ரத்த வகை எப்படி வந்தது? ஓ நெகட்டிவ் யாருக்கும் கொடுக்கலாமா?

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் ஏபிஓ வகைகளை வெளியிட்டார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். சிவப்பணுவின் மேல் ஏ, பி என்ற அடையாளங்களில் எது இருக்கிறதோ அதுதான் வகை. எது இல்லையோ அதற்கு எதிரான பொருள் பிளாஸ்மாவில் இருக்கும். டி என்ற அடையாளம் இருந்தால் பாசிட்டிவ். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த குழந்தைக்காக.

ஓ நெகட்டிவ் சிவப்பணுவை அவசரத்துக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் கொடுக்கலாம். அந்த 'ஏறக்குறைய'வில் நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 1952-இல் மும்பையில் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் குழுவினரும் ஒரு புது வகையைக் கண்டார்கள். ஏ-வும் பி-யும் எந்த அடித்தளத்தின் மேல் அமைகின்றனவோ, அந்த எச் அடையாளமே இவர்களுக்கு இல்லை. சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பம்பாய் வகைக்காரருக்குப் பம்பாய் வகை ரத்தம் மட்டும்தான் சேரும். இந்தியாவில் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். கொடுப்பவர் ரத்தமும் பெறுபவர் ரத்தமும் சேருமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் செய்யாமல் ரத்தம் ஏற்ற மறுக்கிறார்களே என்று ரத்த வங்கியில் கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் கொடுக்கும் ரத்தம் மூன்று பேருக்குப் போகும் என்கிறார்களே?

பிரித்துக் கொடுப்பதால். சிவப்பணுவைக் குளிரில் 35 முதல் 42 நாள் வைக்கலாம். தட்டணுவைக் குளிரில் வைத்தால் கெட்டுவிடும். 22 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில், ஐந்து நாள்தான். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருடம். தட்டணுவுக்கு எப்போதும் ஆள் தேடி வாட்ஸ்அப்பில் செய்தி வருவது அந்த ஐந்து நாள் கணக்கால்தான்.

வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். போன பிளாஸ்மா ஓரிரு நாளில் நிரம்பிவிடும், சிவப்பணு நிரம்பச் சில வாரம் ஆகும். ரத்தத்தை விலைக்கு விற்பது இந்தியாவில் 1998 ஜனவரி முதல் தடை.

ஒரே ரத்தம்தானே, ஏன் நாலு கலர் குழாயில் எடுக்கிறீர்கள்?

ஊதா மூடியில் உள்ள மருந்து கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறையாமல் வைக்கும். அணுக்களை எண்ண அது. இளநீல மூடி உறையும் நேரம் பார்க்க, கோடு வரை சரியாக நிரப்ப வேண்டும். சாம்பல் மூடியில் ஃபுளோரைடு இருக்கும். அது இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே அணுக்கள் மணிக்கு ஐந்தாறு சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். சிவப்பு, மஞ்சள் மூடிகள் சீரத்துக்கு. ஊதாவில் எடுத்ததை மஞ்சளில் ஊற்றினால் பொட்டாசியம் தாறுமாறாக ஏறிக் காட்டும். அதனால்தான் போதவில்லை என்றால் மறுபடி குத்துகிறோம், ஒன்றிலிருந்து ஒன்றில் ஊற்றிச் சமாளிப்பதில்லை.

வெறும் வயிற்றில்தான் வர வேண்டுமா?

அணுக்களை எண்ணும் சிபிசி, எச்பிஏ1சி, ரத்த வகை மூன்றுக்கும் தேவையில்லை. ஃபாஸ்டிங் சுகருக்கு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வாருங்கள். கொழுப்புப் பரிசோதனைக்கு அந்தந்த லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், குடித்துவிட்டு வந்தால் எங்களுக்கும் ரத்தநாளம் சீக்கிரம் கிடைக்கும். சர்க்கரை போடாத காபிதானே என்று குடித்துவிட்டு வந்து கேட்காதீர்கள், அதுவும் கணக்கில் வரும்.